அழுக்கு எங்கே போகிறது?

பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்திற்கு அண்மையில் ஒரு திருமணத்தின் பொருட்டுச் சென்றிருந்தோம். மணமக்களை வாழ்த்தி, விருந்துண்டு, மண்டபத்தின் பின்புறத் தெரு வழியாகப் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தபோது ஒரு சலவை நிலையம் கண்ணில் பட்டது. தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் திருமண மண்டபங்களின் மேசை விரிப்புகளும் அங்கே மூட்டை மூட்டையாகக் குவிந்திருந்தன. கொடிகளில் காய்ந்த விரிப்புகளின் வெண்மை கண்ணைப் பறித்தது. அக்கொடிகளின் கீழே ஓடிய கால்வாயிலும் வெண்மைதான். ஆனால் அது நுரையின் வெண்மை.

நிலையத்தின் உரிமையாளர் ஐம்பது வயதைக் கடந்தவர். தந்தையார் வேகவதிக் கரையில் கல்லில் துவைத்து நடத்திய தொழிலை, மகன் இரண்டு இயந்திரங்களை வைத்து நடத்துகிறார். "இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது?" என்று பேச்சுவாக்கில் வினவினோம். அவர் சற்று நேரம் நம்மை உற்றுப் பார்த்தார். "துணி வெள்ளையா வந்திருக்கான்னுதான் எல்லாரும் கேப்பாங்க ஐயா. தண்ணி எங்க போவுதுன்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்றார்.

பேருந்தில் ஏறி அமர்ந்த பின்பும் அச்சொற்கள் நம்மை விடவில்லை. நாமுந்தானே இத்தனை ஆண்டுகளாகத் துணியின் வெண்மையை மட்டும் பார்த்து வந்திருக்கிறோம்! ஆகவே இத்திங்கள் இப்பகுதியில் அக்கேள்வியைப் பற்றியே நம் குடும்பத்தாரோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

துணியிலிருந்து நீங்கிய அழுக்கு மறைந்து போவதில்லை. துணியை விட்டு நீருக்குச் செல்கிறது, அவ்வளவே. அதை நீக்க நாம் சேர்த்த சோடாவும் சோப்பும் வெளுப்பானும் அதனுடன் கூடவே செல்கின்றன. நீரைச் சூடாக்க எரித்த விறகும் கரியும் புகையாகிக் காற்றில் கலக்கின்றன. ஆகவே ஒரு துணி தூய்மையடைந்தது என்று நாம் மகிழும்போது, அதன் பொருட்டு வேறொன்று மாசடைந்ததா என்று பார்ப்பதும் நம் கடமையாகிறது. தம் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாயிலில் கொட்டுபவரைத் தூய்மையானவர் என்று யாரும் சொல்வதில்லை அன்றோ?

இவ்வுண்மை காஞ்சிபுரத்திற்குப் புதிதன்று. பட்டு நூல் தறிக்குச் செல்லுமுன்னரே ஒரு சலவைக்கு உட்படுகிறது. பட்டுப்புழு நூற்கும் இழையின் மேல் செரிசின் என்னும் பசை படிந்திருக்கும். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்பசையே. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை அவித்து இப்பசையைப் போக்கினால்தான் பட்டுக்கு மினுமினுப்பும் மென்மையும் வரும், சாயமும் ஏறும். அப்படியாயின், நான்கு கிலோ கச்சாப் பட்டை அவித்தால் ஏறத்தாழ ஒரு கிலோ பசை நீரில் கரைந்து வெளியேறுகிறது. அதன் பின்னர் சாயத்தொட்டியின் மிச்சநீர். நாம் திருமணத்தில் வியந்து பார்க்கும் அரக்குச் சேலைக்குப் பின்னால் இத்தனை நீரும் உண்டு.

இக்கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன நேரும் என்பதையும் நம் தமிழகம் கண்டிருக்கிறது. காஞ்சிபுரத்திற்குத் தெற்கே ஓடும் பாலாற்றின் மேற்பகுதியில், வேலூர், இராணிப்பேட்டை வட்டாரங்களின் தோல் பதனிடும் ஆலைகள் கழிவுநீரை ஆற்றிலும் நிலத்திலும் விட்டன. கிணறுகள் கெட்டன, வயல்கள் பாழாயின. குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி அத்தீர்ப்பால் நம் நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றது. ஆயினும் துயரம் தீர்ந்தபாடில்லை. 2025ஆம் ஆண்டு சனவரியில் அதே பாலாற்றுத் துயர் குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

திருப்பூரின் கதையும் இத்தகையதே. அங்குள்ள சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் வெளியேற்றிய நீர் நொய்யலில் கலந்தது. உழவருக்குப் பாசனம் தருவதற்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. 2011ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. பின்னர், கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் தூய்மையாக்கி மீண்டும் பயன்படுத்தும் பெரும் நிலையங்களை அமைத்தவர்களே தொழிலைத் தொடர முடிந்தது. பணமுடையோர் மீண்டனர், சிறு பட்டறைக்காரர் பலர் மீளவில்லை. நாள்கூலித் தொழிலாளியோ கைப்பையுடன் ஊர் திரும்பினார். உழவர் இழந்த நிலமும் உண்மை; தொழிலாளி இழந்த கூலியும் உண்மை. காலத்தில் கேட்க வேண்டிய கேள்வியைக் காலங்கடந்து நீதிமன்றம் கேட்டால், முதலில் விழுபவர் ஏழையே. காஞ்சிபுரத்து அச்சிறு சலவை நிலையத்தை எண்ணும்போது நம் நெஞ்சில் எழும் கவலையும் இதுதான்.

சரி, அந்த நுரையில் இருப்பதுதான் என்ன? நம் பாட்டிமார் காலத்துச் சோப்பு, எண்ணெயும் காரமும் சேர்ந்து ஆனது. மண்ணில் எளிதில் மக்கிவிடும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெட்ரோலியத்திலிருந்து செய்த சலவைத்தூள்கள் உலகெங்கும் பரவின. தொடக்கத்தில் வந்த தூள்களின் மூலக்கூறு கிளைவிட்ட அமைப்புடையது. நுண்ணுயிர்களால் அதைச் சிதைக்க இயலவில்லை. ஐரோப்பாவின் ஆறுகளில் ஆளுயர நுரை மிதந்தது. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றித் தடுத்த பின்னரே, எளிதில் சிதையும் கிளையற்ற மூலப்பொருளுக்கு உற்பத்தியாளர்கள் மாறினர். இன்று நம் சென்னை மணலியிலும் அம்மூலப்பொருள் உற்பத்தியாகிறது.

அதனால் கவலை தீர்ந்ததா? தீரவில்லை. சிதைவதற்கும் உயிர்வளியும் நேரமும் வேண்டும். கழிவுநீர் தூய்மையாக்கப்படாமல் நேரே ஓடினால் அவை கிடைப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக் கடற்கரையில் நாள்கணக்கில் வெண்ணுரை ஒதுங்கியதும், குழந்தைகள் அதன் தீமையறியாமல் அள்ளி விளையாடியதும் நினைவிருக்கலாம். மேலும் பல தூள்களில் பாஸ்பேட் உப்பு சேர்கிறது. அது பயிருக்கு உரம், ஏரிக்கோ கேடு. ஆகாயத்தாமரையும் பாசியும் அதை உண்டு பெருகி, பின் அழுகி, நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடுகின்றன. மீன்கள் மடிகின்றன. குளோரின் கலந்த வெளுப்பான்களும் அழுக்குடன் கூடி நச்சுச் சேர்மங்களை விளைவிக்கக்கூடும். அவற்றிற்கு மாற்றாக ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டு. அது தன் வேலை முடிந்ததும் நீராகவும் உயிர்வளியாகவும் பிரிந்துவிடும்.

பழைய முறையே நல்லது என்று சிலர் உடனே சொல்லக்கூடும். வெள்ளாவி வைத்ததைக் கண்டவர்கள் நம் வாசகர்களில் இன்னும் இருப்பார்கள். துணிகளை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்து, பெரிய பானையின் மேல் அடுக்கி, கீழே தீ மூட்டி, இரவெல்லாம் ஆவியில் வேக விடுவர். மறுநாள் துறையில் கல்லில் அடித்து அலசி, வெயிலில் விரிப்பர். சேங்கொட்டைச் சாற்றால் இட்ட சிறு குறியைக் கொண்டே எந்தத் துணி எந்த வீட்டுக்கு என்று பிழையின்றி அறிவர். ஆவி மூட்டையெங்கும் ஊடுருவுவதால் துணி முழுவதையும் கொதிநீரில் மூழ்கடிக்கத் தேவையில்லை. வெயில் தானே வெளுக்கும், கிருமியையும் கொல்லும். இதில் நாம் கற்க வேண்டிய அறிவு நிறையவே உண்டு.

ஆனால் அந்த அடுப்பின் புகையை இரவெல்லாம் விழுங்கியவர் யார்? முழங்காலளவு நீரில் நின்று முதுகொடிந்தவர் யார்? அத்தனை உழைப்புக்கும் ஈடாக வாயிற்படிக்கு வெளியே நின்று சோறு வாங்கிச் சென்றவர் யார்? பழமையைப் போற்றுகிறோம் என்று அந்தச் சுமையை மீண்டும் அவர்கள் தலையில் ஏற்றுவது நீதியாகாது. பழைய முறையின் சிக்கனத்தையும் புதிய இயந்திரத்தின் இளைப்பாறுதலையும் இணைப்பதே நாம் தேட வேண்டிய வழி.

முதலில் நீரை எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து 48 நாள்கள் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் விழா நடந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் அந்நகருக்கு வந்து சென்றனர். அதே சூலையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. ஐம்பது அறைகள் உள்ள ஒரு விடுதியில் நாளொன்றுக்கு அறைக்கு மூன்று கிலோ துணி சலவைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 150 கிலோ. சாதாரண இயந்திரத்தில் கிலோவுக்கு ஏறத்தாழ 20 லிட்டர் செலவாகும். ஆக, ஒரே விடுதிக்கு ஒரு நாளில் 3,000 லிட்டர். இரண்டு நாள் சலவைக்கு ஒரு லாரித் தண்ணீர்!

பெரிய நாடுகளின் சலவை ஆலைகள் இதைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டன. சூட்சுமம் எளிது. கடைசி அலசலில் வரும் நீர் ஏறக்குறையத் தெளிந்த நீர். அதை வீணாக்காமல், அடுத்த மூட்டையின் முதல் நனைப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். துணி ஒரு திசையிலும் நீர் எதிர்த்திசையிலும் செல்லும் இம்முறையில் ஒரே நீர் இரண்டு மூன்று முறை உழைக்கிறது. இதற்குக் கோடி ரூபாய் இயந்திரம் வேண்டும் என்பதில்லை. சிறிய சலவை நிலையமும் ஒரு தொட்டியும் ஒரு சிறு மோட்டாரும் வைத்து இதைச் செய்யலாம். கிணற்றடியில் மூன்று வாளி வைத்து, அலசிய நீரைக் கொட்டாமல் அடுத்த துணியை ஊறவைத்த நம் தாய்மார் செய்ததும் இதுவேயன்றோ? இயந்திரம் கொள்ளுமளவு துணியிட்டு ஓட்டுவதும், தூளைக் கையளவாக அள்ளாமல் அளந்து இடுவதும் செலவில்லாத சீர்திருத்தங்கள். தூள் மிகுந்தால் வெண்மை மிகாது. அலசும் நீரே மிகும்.

அடுத்து வெப்பம். 100 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரம் வேண்டும். 60 பாகையோடு நிறுத்தினால் பாதி போதும். மருத்துவமனைத் துணிக்கு மட்டும் இந்தச் சிக்கனம் பொருந்தாது. அதை 71 பாகையில் மூன்று நிமிடமேனும், 65 பாகையில் பத்து நிமிடமேனும் வைத்தால்தான் கிருமி அழியும் என்பது மருத்துவத்துறையினர் பின்பற்றும் நெறி. விடுதி விரிப்புக்கும் உணவகத் துண்டுக்கும் எப்போதும் கொதிநீர் தேவையில்லை. கூரையின் மேல் சூரிய வெந்நீர்க் கலம் வைத்தால் அந்தச் செலவும் குறையும். உலர்த்துவதற்கோ, நம் நாட்டு வெயிலைவிடச் சிறந்த இயந்திரம் எது?

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டைக் கொச்சியில் காணலாம். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் கொச்சிக் கோட்டைப் பகுதியில் அத்தொழிலைச் செய்கின்றனர். 1976ஆம் ஆண்டில் அங்குள்ள வளர்ச்சி ஆணையம் அவர்களுக்குப் பொதுவான சலவைத்துறை ஒன்றைக் கட்டித் தந்தது. வரிசையாகத் துவைக்கும் அறைகள், அரிசிக் கஞ்சி, திறந்தவெளியில் கயிற்றுக் கொடிகள். இரட்டையாய் முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிடுவதால் கவ்விகூடத் தேவையில்லை. சிதறிக் கிடந்த தொழிலை ஓரிடத்தில் கூட்டினால், கழிவுநீரையும் ஓரிடத்தில் தூய்மையாக்க வழி பிறக்கும். தனித்தனியே ஒருவராலும் கட்ட முடியாத வடிகட்டும் தொட்டியை நாற்பது குடும்பங்கள் சேர்ந்தால் கட்டலாம். நெசவாளருக்குக் கூட்டுறவு கண்ட காஞ்சிபுரத்தில் சலவைத் தொழிலாளருக்கும் அது இயலாததா?

இனி பட்டுச்சேலைக்கு வருவோம். பட்டு ஒரு புரதம். கடுங்காரம் அதை அரித்துவிடும். ஆகவே பலரும் அதை உலர்சலவைக்கு, அதாவது 'டிரை கிளீனிங்' கடைக்கு, அனுப்புகின்றனர். உலர்சலவை என்பது பெயர்தான். நீருக்குப் பதிலாக வேறொரு திரவத்தில் துணி நனைகிறது. பெட்ரோலியக் கரைப்பான்களும் பெர்குளோரோஎத்திலீன் என்னும் வேதிப்பொருளும் இதற்குப் பயன்படுவன. பின்னது நீரினும் கனமானது. சிந்தினால் மண்ணைத் துளைத்து நிலத்தடி நீரை எட்டிவிடும். மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதென உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதனைக் கருதுகிறது. உலர்சலவையில் இதனைப் படிப்படியாகப் பத்தாண்டுகளுக்குள் நிறுத்திவிட 2024 டிசம்பரில் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் காப்பு முகமை விதி செய்தது. நாள் முழுதும் அக்கடையில் நின்று அந்த மணத்தை முகர்பவர் நம்மவரே என்பதை மறவாதிருப்போம்.

உடுத்திய பட்டை ஒவ்வொரு முறையும் கடைக்கு அனுப்பத் தேவையில்லை. நிழலில் காற்றாட விரித்து, கறைபட்ட இடத்தை மட்டும் நீரால் ஒற்றியெடுத்து, மடிப்பை மாற்றி வைத்தாலே பெரும்பாலும் போதும். பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரில் பட்டை அலசும் பழக்கம் நம்மிடையே உண்டு. சாயம் இறங்குமா என்று ஒரு மூலையில் நனைத்துப் பார்த்த பின், முறுக்கிப் பிழியாமல் அலசி நிழலில் உலர்த்துக. இதிலும் ஓர் எச்சரிக்கை: அதே பூந்திக்கொட்டையை இடித்துக் குட்டையில் போட்டு மீன் பிடிப்பாரும் உண்டு. இயற்கைப் பொருளாயினும் ஆற்றிலும் குளத்திலும் கொட்டினால் உயிரைக் கொல்லும். அந்நீரும் மண்ணுக்கே போகட்டும்.

கடைசியாக இஸ்திரி. தெருமுனை வண்டியில் கரிப்பெட்டியைத் தேய்க்கும் அன்பரை நாள்தோறும் பார்க்கிறோம். காஞ்சிபுரத்திலிருந்து வெகு தொலைவில் இல்லாத திருவண்ணாமலையில், வினிஷா உமாசங்கர் என்ற பள்ளி மாணவியும் பார்த்தார். எரிந்த கரியைக் குப்பையில் கொட்டுவதைக் கண்டு, அந்தக் கரி எங்கிருந்து வருகிறது, புகை எங்கே போகிறது என்று சிந்தித்தார். கூரையில் சூரியத் தகடு பொருத்திய இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். ஐந்து மணிநேர வெயிலில் சேரும் மின்சாரத்தால் ஆறு மணிநேரம் தேய்க்கலாம். 2020இல் சுவீடன் நாட்டின் சிறுவர் பருவநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் உலகத் தலைவர்கள் கூடிய மாநாட்டில் அவர் உரையாற்றினார். பெரியவர்கள் ஆயிரம் முறை கடந்து சென்ற வண்டியின் முன் ஒரு சிறுமி நின்று யோசித்தாள், அவ்வளவே வேறுபாடு.

இவையெல்லாம் நன்றே, இவற்றிற்கான செலவை ஏற்பவர் யார்? அன்று அந்தச் சலவை நிலையத்தார் சொன்ன இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். "தொட்டி கட்டலாம் ஐயா, மனசு இருக்குது. ஒரு விரிப்புக்கு ஒரு ரூபா கூடக் கேட்டேன்னா, மறுநாளே மூட்டை வேற ஆளுக்குப் போயிடும்" என்றார். அவர் கூறியதில் பொய்யில்லை. கால்வாயில் ஓடிய நுரையில் அவருக்குப் பங்குண்டு. அந்த ஒரு ரூபாயை மறுத்த விடுதிக்காரருக்கும் பங்குண்டு. வாடகையைப் பேரம் பேசிய நமக்கும் பங்குண்டு. மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும் என்பது நீதிமன்ற நெறி. விரிப்பில் உறங்கியவரும் அந்த மாசில் ஒரு பங்காளி என்பது நம் மனச்சான்றின் நெறியாகட்டும்.

ஆகவே நம் குடும்பங்களில் சிலவற்றையேனும் தொடங்குவோம். வெளியூரில் விடுதியில் இரண்டு நாள் தங்கினால், விரிப்பை நாள்தோறும் மாற்ற வேண்டாமெனச் சொல்லிவிடுவோம். வீட்டுத் திருமணத்திற்கு மண்டபம் பேசும்போது விரிப்புகள் எங்கே வெளுக்கப்படுகின்றன என்று கேட்போம். நீரைத் தூய்மையாக்கும் நிலையத்திற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்போம். பங்கிலுள்ள பள்ளிகளும் விடுதிகளும் மருத்துவமனைகளும் சலவை ஒப்பந்தம் செய்யும்போது, குறைந்த விலை எது என்பதோடு கழிவுநீர் எங்கே என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வோம். இஸ்திரிக்காரரும் சலவைக்காரரும் மாற்றத்திற்கு முன்வந்தால், வங்கிக் கடனுக்கு மனு எழுதித் தரவாவது நம் இளைஞர்கள் துணை நிற்கட்டும்.

திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று சேர்கின்றன. காஞ்சிபுரத்துக் கால்வாயில் விட்டது வேகவதி வழியாக அங்கே வந்து சேரும். அதற்கப்பால் எத்தனையோ ஊர்களின் கிணறுகளைத் தொடும். அங்கே குடத்துடன் காத்திருக்கும் தாய்க்கு நம் திருமண மண்டபத்தின் வெண்மை தெரியாது. நாம் அனுப்பிய நீர்தான் தெரியும்.

அடுத்த முறை வெளுத்து மடித்த துணியைக் கையில் வாங்கும்போது, அதன் வெண்மையைப் பாராட்டுவோம். உழைத்தவருக்கு நன்றி சொல்வோம். கூடவே, "தண்ணீர் எங்கே போகிறது?" என்றும் அன்போடு கேட்போம். காஞ்சிபுரத்து அன்பரிடம் அக்கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நாமாக இருந்துவிட்டோம். கடைசி ஆளாகவும் நாமே இருந்துவிடக் கூடாது.